பிள்ளை "ஓம்" என்று மட்டும் சொன்னால்: சிறுவர் ஆய்வில் களம் பிழைக்கும் இடங்கள்

யாழ்ப்பாணத்தில் பிள்ளைகளின் அனுபவங்களைப் பற்றிப் பண்புசார் ஆய்வு (எண்ணிக்கை எடுக்காமல், பேச்சையும் நடத்தையையும் வைத்துச் செய்யும் ஆய்வு) செய்யப் போகிறவர்கள் களத்திலிருந்து கொண்டுவரும் முறைப்பாடுகள் ஏறக்குறைய ஒன்றுதான். "பிள்ளையள் வாய் திறக்குதுகள் இல்லை." "எல்லாரும் ஒரே மாதிரிச் சொல்லுதுகள்." உடனே நேர்காணல் வினாக்களைத் திருத்தத் தொடங்குவார்கள். மேற்பார்வையாளரும் அதைத்தான் சொல்வார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வினா பிழைத்ததால் களம் பிழைப்பது குறைவு. அந்தப் பிள்ளை உங்களை யார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். கையில் தாளும் பேனையும் வைத்துக்கொண்டு கேள்வி கேட்கும் பெரிய ஆட்களில் எங்கள் பிள்ளைகள் கண்டது இரண்டு வகை: சோதனை வைக்கும் ரீச்சர், உதவிக்குப் பெயர் பதிய வரும் தொண்டு நிறுவன ஆள். முதலாமவருக்குச் சரியான விடை சொல்லவேண்டும். இரண்டாமவருக்கு வீட்டுக் கஷ்டம் சொல்லவேண்டும். இரண்டிலும் பிள்ளையின் அனுபவம் வெளியே வராது.

கீழே அறிகுறிப்படி பிரித்திருக்கிறேன். உங்களுக்கு எது நடந்ததோ அங்கே நேரே போகலாம். ஆனால் பிள்ளை அழுதால், பாரதூரமான ஒன்றைச் சொன்னால் என்ன செய்வது என்ற பகுதியை மட்டும் களத்துக்குப் போகமுன் எல்லோரும் வாசித்துவிடுங்கள்.

எல்லாப் பிள்ளைகளும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள்

"பள்ளிக்கூடம் பிடிக்கும். ரீச்சர் நல்லாப் படிப்பிப்பா. நான் படிச்சு டொக்டரா வந்து ஏழையளுக்கு உதவி செய்வன்." ஒரு வகுப்பு முழுக்க இதையே சொல்லும். பிள்ளைகள் உங்களை ஏமாற்றவில்லை. 'எனது இலட்சியம்' கட்டுரையின் முதற் பந்தியை ஒப்புவிக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஒலிப்பதிவைத் திரும்பக் கேளுங்கள். பதில்களை விடுங்கள், தொடக்கம் மட்டும் போதும். உங்களை அறிமுகப்படுத்தியது யார்? அதிபர் வகுப்புக்குள் வந்து, பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொல்லி, "இவ கம்பஸிலையிருந்து வந்திருக்கிறா. கேக்கிறதுக்கு வடிவாப் பதில் சொல்லோணும், பள்ளிக்கூடத்தின்ரை பேரைக் காப்பாத்தோணும்" என்று சொல்லிவிட்டுப் போனாரா? அப்படியென்றால் அதன்பிறகு நீங்கள் எதைக் கேட்டாலும் அவர்கள் பள்ளிக்கூடத்தின் பெயரைக் காப்பாற்றிக்கொண்டுதான் இருப்பார்கள். எங்கே இருந்து கதைத்தீர்கள் என்பதையும் பாருங்கள். அதிபரின் அறை என்றால் அது பிள்ளை அடிவாங்கப் போகும் இடமாகவும் இருக்கலாம். பிள்ளைகளைத் தெரிவுசெய்து அனுப்பியது யார்? வகுப்பாசிரியர் என்றால் "நல்லாக் கதைக்கக்கூடிய பிள்ளையள்" வந்திருப்பார்கள், அதாவது வகுப்புத் தலைவரும் பேச்சுப்போட்டிப் பிள்ளையும்.

எந்தப் பிள்ளையாவது "மிஸ், இதுக்கு மார்க்ஸ் போடுவீங்களோ?" என்று கேட்டிருந்தால் அந்த இடத்தைக் கோடிட்டு வையுங்கள். நீங்கள் அங்கே யாராக இருந்தீர்கள் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று உங்களுக்குக் கிடைக்காது.

வலயக் கல்விப் பணிமனையின் அனுமதியும் அதிபரின் சம்மதமும் இல்லாமல் உள்ளே போக முடியாது, போகவும் கூடாது. ஆனால் அறிமுகத்தை நீங்களே செய்துகொள்ள விடும்படி அதிபரிடம் கேட்கலாம். பெரும்பாலானவர்கள் மறுப்பதில்லை, அவர்களுக்கும் வேலை மிச்சம். பிறகு சில நாட்கள் ஒலிப்பதிவுக் கருவி இல்லாமல் போங்கள். இடைவேளையில் ஆசிரியர் அறையில் தேத்தண்ணி குடிக்காதீர்கள். குடித்தால் அன்றைக்கு நீங்கள் ரீச்சர்தான், பிள்ளைகள் யன்னலால் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மைதானத்து ஓரத்து வாங்கில் போய் இருங்கள்.

சமூகவியலாளர் நான்சி மாண்டெல் 1988இல் எழுதிய கட்டுரையில், ஆய்வாளர் பெரியவருக்குரிய அதிகாரத்தை இயன்றளவு கழற்றி வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்துகொள்ளும் நிலை ஒன்றை விவரித்தார். இன்னொரு சமூகவியலாளரான வில்லியம் கோர்சாரோ இன்னும் எளிமையாகச் செய்தார். பிள்ளைகள் விளையாடும் இடத்தில் போய் இருந்து, அவர்களாகக் கதைக்கும்வரை காத்திருந்தார். இத்தாலியில் ஆய்வு செய்தபோது அவருடைய இத்தாலிய மொழி திக்கித் திணறியது. பாலர் பாடசாலைப் பிள்ளைகளுக்கு அவரைத் திருத்துவதே விளையாட்டாகிவிட்டது. பெரியவரைவிடத் தங்களுக்குக் கூடத் தெரிந்த ஒரு விடயம் கிடைத்தால் பிள்ளைகள் கதைப்பார்கள்.

பெரிய ஆளே இல்லை என்பதுபோல நடிப்பது இங்கே எடுபடாது. சேலையோடு வந்தவரை எட்டு வயதுப் பிள்ளை ஒருபோதும் கூட்டாளியாக எண்ணப்போவதில்லை. ஆனால் தெரியாத ஆளாக இருக்கலாம், அதற்கு நடிப்புத் தேவையில்லை. கிளித்தட்டில் கிளி எந்தக் கோட்டில் ஓடலாம் என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்வார்கள், மூன்றாவது ஆள் "பொய், அண்டைக்கு நீ அளாப்பினனி" என்பார். விதிகளை யார் தீர்மானிக்கிறார், யாரைச் சேர்க்கவில்லை, பெட்டையளை எப்போது கூப்பிடுவார்கள் எல்லாம் அந்தச் சண்டைக்குள் வந்துவிடும். வினாக்கொத்தில் 'சக மாணவர் உறவு' என்ற தலைப்பின் கீழ் நீங்கள் கேட்டிருந்தால் "எல்லாரும் ஒற்றுமை" என்று முடிந்திருக்கும்.

பதில் "ஓம்", "இல்லை" என்பதோடு நிற்கிறது

ஒலிப்பதிவைக் கேட்டு எழுதிய எழுத்தாக்கத்தை எடுத்து உங்கள் பேச்சை ஒரு நிறத்திலும் பிள்ளையின் பேச்சை இன்னொரு நிறத்திலும் தீட்டுங்கள். உங்கள் நிறம்தான் பக்கம் முழுக்க இருக்கும்.

"ஓம்" என்று வந்த பதிலை வைத்து எதையும் எழுத முடியாது என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. மார்ட்டின் ஹியூசும் ரொபேட் கிறீவும் 1980இல் ஐந்து, ஏழு வயதுப் பிள்ளைகளிடம் "பால் தண்ணீரைவிடப் பெரியதா?", "சிவப்பு மஞ்சளைவிடப் பாரமா?" என்று கேட்டார்கள். அர்த்தமற்ற இந்தக் கேள்விகளுக்கும் பெரும்பாலான பிள்ளைகள் பதில் சொன்னார்கள், சிலர் காரணமும் சொன்னார்கள். பிறகு அமண்டா வோட்டர்மன், மார்க் பிளேட்ஸ், கிறிஸ்தோபர் ஸ்பென்சர் ஆகியோர் இதைப் பிரித்துப் பார்த்தார்கள். தெரிந்திருக்க வாய்ப்பே இல்லாத விடயத்தை ஓம்–இல்லை வடிவில் கேட்டால் பிள்ளைகள் ஏதோ ஒன்றைச் சொல்லிவிடுகிறார்கள். யார், எது, எங்கே என்று கேட்டால் தெரியாது என்று சொல்லக்கூடியவர்களாக இருக்கிறார்கள். பெரியவர் கேட்டால் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்று பழகிய எங்கள் ஊர்ப் பிள்ளையிடம் "வீட்டில சந்தோசமா இருக்கிறீங்களோ?" என்று கேட்டு, வந்த "ஓம்"ஐ ஆய்வேட்டில் போடுவது எவ்வளவு துணிச்சல் என்று யோசியுங்கள்.

மாற்று வழி, ஒரு நாளை அல்லது ஒரு நிகழ்வை முழுதாகச் சொல்லக் கேட்பது.

"நேற்றுப் பள்ளிக்கூடம் விட்டாப்பிறகு என்ன செய்தனீங்கள்?"
"வீட்டை போனனான். சாப்பிட்டனான். பேந்து ரியூசன்."
"ரியூசனுக்குப் போற வழியில?"
"ஒண்டுமில்லை." (நீண்ட நேரம் பேசாமல் இருக்கிறார்) "அந்த ஒழுங்கைக்குள்ளை ஒரு நாய் நிக்கும். நான் தர்சனைப் பாத்துக்கொண்டு நிண்டுதான் போறனான்."

இது பயிற்சிக்காக நான் எழுதிய மாதிரி, பெயரும் கற்பனை. கவனிக்கவேண்டியது அடைப்புக்குறிக்குள் உள்ள மௌனம். அந்த இடத்தில் பெரும்பாலானோர் அடுத்த வினாவுக்குப் போய்விடுவார்கள், நாயும் தர்சனும் வராமலே போய்விடும். மனதுக்குள் மெதுவாகப் பத்து எண்ணிக்கொண்டு இருங்கள். பிறகும் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

"ஏன்" என்று தொடங்கும் வினாக்களைக் குறையுங்கள். வீட்டிலும் வகுப்பிலும் "ஏன்" என்பது குற்றம் செய்த பிள்ளையிடம் கேட்கப்படுவது. "ஏன் நேற்று வரேல்லை?" என்றால் காரணம் வராது, சாட்டு வரும். "நேற்று வீட்டில நிண்ட நேரம் என்ன நடந்தது?" என்றால் கதை வரும். "தெரியாது எண்டால் தெரியாது எண்டு சொல்லலாம், சொல்ல விருப்பமில்லை எண்டாலும் சொல்லலாம்" என்பதைத் தொடக்கத்தில் ஒருமுறை சொன்னால் போதாது. ஒரு பொய் வினாவை வைத்துப் பழக்குங்கள். "என்ரை அம்மம்மாவின்ரை பேர் என்ன?" என்று கேளுங்கள். பிள்ளை சிரித்துக்கொண்டு "எனக்கெப்பிடித் தெரியும்!" என்றதும், "அதுதான், இப்பிடியே சொல்லலாம்" என்று சொல்லிவிட்டு உங்கள் வேலையைத் தொடங்குங்கள்.

இரண்டாம் முறை கேட்டால் பதில் மாறிவிடுகிறது

முதலில் "பிடிக்கும்" என்றது, பின்பு "பிடிக்காது" என்கிறது. இதைப் பிள்ளையின் நம்பகமின்மை என்று எழுதிவிடாதீர்கள். பிள்ளைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜேயின் பரிசோதனைகளில் ஒரே வினாவை இரண்டு தடவை கேட்பது வழக்கம். ஜூடித் சாமுவேலும் பீட்டர் பிரையன்ட்டும் 1984இல் வினாவை ஒரே தடவை மட்டும் கேட்டுப் பார்த்தார்கள், பிள்ளைகள் குறைவாகப் பிழைவிட்டார்கள். பெரியவர் திரும்பக் கேட்டால் முதல் விடை பிழை என்றுதானே அர்த்தம்? வகுப்பில் "வடிவா யோசிச்சுச் சொல்லு" என்பதற்கு வேறு என்ன பொருள்?

திரும்பக் கேட்கவேண்டி வந்தால் குறையை உங்கள்மேல் போட்டுக்கொள்ளுங்கள்: "நீங்கள் சொன்னது சரி, எனக்குத்தான் வடிவா விளங்கேல்லை. இன்னொருக்காச் சொல்லுங்கோ." இன்னொரு நாள், இன்னொரு வழியில் (படம், நடை, விளையாட்டு) அதே விடயத்துக்கு வருவது இதைவிட நல்லது.

பிள்ளைக்குப் பதிலாக அம்மம்மா பதில் சொல்கிறார்

வீட்டுக்குப் போனால் விறாந்தையில் கதிரை போட்டு, தேத்தண்ணி வந்து, பிள்ளையைச் சட்டை மாற்றி முன்னால் நிறுத்தியிருப்பார்கள். நீங்கள் வாய் திறக்கமுன் அம்மம்மா தொடங்குவார்: "உவன் நல்லாப் படிப்பான், குழப்படிதான் கூட. உதுகளை உவனிட்டைக் கேட்டு என்ன தெரியப்போகுது, என்னட்டைக் கேளுங்கோ."

அவரை எழுப்பி அனுப்ப முயலாதீர்கள். அது மரியாதைக் குறைவு, பலிக்கவும் போவதில்லை. இரண்டு பேராகப் போவதுதான் இலகுவான வழி. ஒருவர் அம்மம்மாவிடம் உண்மையாகவே கேட்பதற்கு வினாக்களோடு போகவேண்டும், அவரும் உங்கள் ஆய்வுக்குரிய ஆள்தான். மற்றவர் பிள்ளையோடு முற்றத்து மாமரத்தடிக்கோ கிணற்றடிப் பக்கமோ போகலாம். வீட்டார் கண்ணுக்குத் தெரியவேண்டும், காதுக்குக் கேட்கக்கூடாது. கதவு சாத்திய அறைக்குள் பிள்ளையோடு தனியே இருப்பது எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். அது பிள்ளைக்கும் உங்களுக்கும் பாதுகாப்பு.

தனியே போனீர்கள் என்றால், பிள்ளையிடம் வீட்டைச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். எந்த மரம் யாருடையது, சைக்கிள் எங்கே நிற்கும், ஒளித்து விளையாடினால் எங்கே ஒளிப்பது. அம்மம்மாவால் கோழிக்கூடு வரைக்கும் உங்கள் பின்னால் நடக்க முடியாது. அதையும் மீறி அவர் குறுக்கிட்டுச் சொன்னவற்றை எழுத்தாக்கத்தில் வெட்டி எறியாமல், எந்த வினாவுக்குப் பிள்ளையை முந்தினார் என்பதைக் குறியுங்கள். வீட்டில் எந்த விடயத்தைப் பிள்ளை சொல்ல விடமாட்டார்கள் என்பது அதில் இருக்கிறது.

குழுவில் ஒருவன் மட்டும் கதைக்கிறான், மற்றவர்கள் சிரிக்கிறார்கள்

குழு பெரிது, அல்லது நீங்கள் சேர்த்த ஆட்கள் ஒருவருக்கொருவர் ஒட்டாதவர்கள். "உங்களுக்கு விருப்பமான கூட்டாளியைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று சொல்லி இரண்டு மூன்று பேராக இருத்துங்கள். பத்து வயதுக்கு மேல் பெடியன்களையும் பெட்டையளையும் தனித்தனியே இருத்துவது நல்லது. மேசையைச் சுற்றி இருத்தாமல் பாயில் இருத்தி, கையில் செய்வதற்கு ஏதாவது கொடுங்கள்.

ஒலிப்பதிவில் ஒன்றும் கேட்கவில்லை

கோயில் திருவிழா ஒலிபெருக்கி, தகரக் கூரையில் மழை, பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடு. நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு போங்கள். திருவிழாக் காலமும் புலமைப்பரிசில் பரீட்சைக்கு முந்திய மாதங்களும் வேண்டாம். தரம் 5 பிள்ளையின் பின்னேரத்தைப் பரீட்சைக் காலத்தில் எடுத்தால் பெற்றோர் சிரித்துக்கொண்டே சபிப்பார்கள்.

எல்லாப் படத்திலும் இரண்டு மலை, நடுவில் சூரியன்

"உங்கள் ஊரைக் கீறுங்கோ" என்று தாளும் கலர் பென்சிலும் கொடுத்தால் வருவது இதுதான்: இரண்டு முக்கோண மலை, நடுவில் கதிர்விடும் சூரியன், மலையிலிருந்து இறங்கி வரும் ஆறு, கரையில் ஒரு வீடு, ஒரு தென்னை. குடாநாட்டில் மலை ஏது? சுண்ணாம்புக்கல்லின்மேல் தட்டையாகக் கிடக்கும் மண் இது. ஆறு என்று சொல்ல வழுக்கியாறு ஒன்றுதான், அதுவும் மாரியில் மட்டும். மலையையே காணாத பிள்ளை மலை கீறுவதற்குக் காரணம், காட்சி என்றால் இப்படித்தான் என்று சித்திர பாடத்தில் பழகியதுதான். ஆக இங்கேயும் பிள்ளை உங்களுக்குப் பாட விடையைத் தந்திருக்கிறது.

கட்டளையை மாற்றுங்கள். ஊர், குடும்பம், மகிழ்ச்சி என்று பெரிய தலைப்புகளைத் தராமல் ஒரு வழியைக் கேளுங்கள்: "உங்கட வீட்டுப் படலையிலயிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் நான் தனியப் போறதெண்டால் எப்பிடிப் போறது? கீறித் தாங்கோ." தொலைந்துபோகக் கூடியவர் நீங்கள் என்பதால் பிள்ளை கவனமாகக் கீறும். மதகு வரும், வைரவர் கோயில் வரும், "இதிலை நிண்டால் அந்த அண்ணையவை பகிடி பண்ணுவினம்" என்று ஒரு சந்தி வரும். எதை முதலில் கீறியது, எதை அழித்தது, எந்த இடத்தில் குரல் தாழ்ந்தது என்று குறித்துக்கொண்டே இருங்கள். முடிந்த படத்தைவிட, கீறும்போது வந்த பேச்சுத்தான் உங்கள் தரவு.

படத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் நீங்களாகப் பொருள் சொல்லாதீர்கள். கறுப்பு நிறம் சோகம், பெரிய கை வன்முறை, கதவில்லாத வீடு பாதுகாப்பின்மை என்று பட்டறைகளில் சொல்லிக்கொடுப்பதை வைத்து ஆய்வேடுகள் வருகின்றன. பெட்டியில் கறுப்புப் பென்சில் மட்டும்தான் கூராக இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. படத்தைக் காட்டிப் பிள்ளையிடம் கேளுங்கள். அது "சும்மா" என்றால் "சும்மா" என்று எழுதுங்கள்.

படம் கீற விருப்பமில்லாத பிள்ளைகளும் இருக்கிறார்கள், பத்து வயதுக்கு மேல் அதிகம். அதற்குத்தான் பல வழிகளைச் சேர்ப்பது. அலிசன் கிளாக்கும் பீட்டர் மொஸ்ஸும் 2001இல் முன்வைத்த மொசாயிக் அணுகுமுறையில் சின்னப் பிள்ளைகள் படம் எடுப்பார்கள், இடத்தைச் சுற்றிக் காட்டுவார்கள், வரைபடம் செய்வார்கள். அவதானிப்பும் உரையாடலும் அவற்றோடு சேரும். பிறகு எல்லாத் துண்டுகளையும் பிள்ளையோடு சேர்ந்திருந்து பார்ப்பார்கள். கரோலின் வாங்கும் மேரி ஆன் பறிஸும் 1990களில் உருவாக்கிய ஒளிப்படக் குரல் முறையையும் (ஆய்வில் பங்குபெறுவோரே படம் எடுத்து அதைப் பற்றிக் கதைப்பது) பிள்ளைகளோடு பயன்படுத்துகிறார்கள். இங்கே அதற்கு ஒரு தடை உண்டு. கமரா கையில் கிடைத்ததும் பிள்ளை பக்கத்து வீட்டையும் எடுக்கும், அவர்கள் கேட்கப்போவது உங்களிடம். ஆளின் முகம் இல்லாமல் எடுப்பது எப்படி என்று முதலில் பழக்குங்கள். பொருளையும் இடத்தையும் மட்டும் எடுக்கச் சொன்னாலும் நிறையக் கிடைக்கும்.

பத்து வயதுப் பிள்ளை 1995ஐத் தான் கண்டதுபோலச் சொல்கிறது

இது இங்கே அடிக்கடி வரும், வெளியூர்ப் பாடநூல்களில் இதற்கு விடை தேடினால் கிடைக்காது. "நாங்கள் சாமம் மழைக்குள்ளை நாவற்குழிப் பாலம் தாண்டிப் போனனாங்கள்" என்று பிள்ளை சொல்கிறது. குடாநாட்டின் வலிகாமப் பகுதிச் சனம் போரால் இடம்பெயர்ந்தது 1995 ஒக்ரோபர் 30. போர் முடிந்தது 2009. இன்று தரம் 5இல் இருக்கும் பிள்ளை அதற்கும் பல ஆண்டுகளுக்குப் பின் பிறந்தது.

பிள்ளை பொய் சொல்கிறது என்று தள்ளவும் வேண்டாம், 'போரில் பாதிக்கப்பட்ட சிறுவரின் அனுபவம்' என்று தலைப்பிடவும் வேண்டாம். எங்கள் வீடுகளில் "நாங்கள்" என்றால் பிறக்காதவர்களும் அதற்குள் அடக்கம். "உதை ஆர் உங்களுக்குச் சொன்னது? எப்ப சொல்லுறவை?" என்று கேளுங்கள். மின்சாரம் நின்ற இரவிலா, மாமா வெளிநாட்டிலிருந்து வந்தபோதா, அப்பா பேசாத விடயத்தை அம்மம்மா சொல்லும்போதா என்பது வரும். அது அந்தப் பிள்ளையின் சொந்த அனுபவம்: கேட்ட அனுபவம். ஆய்வேட்டில் அதை அந்தப் பெயரிலேயே எழுதலாம்.

இதன் மறுபக்கமும் உண்டு. ஆய்வாளர் போரைத் தேடிப் போகிறார், பிள்ளை ரியூட்டரியையும் ரிக்ரொக்கையும் பற்றிக் கதைக்கிறது, ஆய்வாளர் "தரவு கிடைக்கவில்லை" என்கிறார். 2020இல் பாடசாலைகள் மூடப்பட்ட காலம், 2022இல் எரிபொருளுக்கு அப்பா வரிசையில் நின்ற நாட்கள், ஒரே அலைபேசியில் மூன்று பிள்ளைகள் பாடம் கேட்டது இவையெல்லாம் அந்தப் பிள்ளையின் வீட்டில் நடந்தவை. நிதி தருபவருக்குப் போர் தேவைப்படலாம். பிள்ளையிடம் இல்லாததை அதனிடம் கேட்டு வாங்க முடியாது.

ஒரு பிள்ளைகூட மறுக்கவில்லை

பலர் இதை வெற்றியாக எழுதுகிறார்கள். எனக்கு இதுதான் அபாய விளக்கு. அதிபர் அனுமதித்து, பெற்றோர் "பள்ளிக்கூடத்தாலை வந்த கடிதம்" என்று வாசிக்காமலே கையெழுத்து வைத்து, வகுப்பாசிரியர் பெயர் கூப்பிட்டு அனுப்பிய பிள்ளைக்கு மறுக்க எந்த இடத்தில் வாய்ப்பு இருந்தது? சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை, பிள்ளை தன் கருத்தைச் சுதந்திரமாகச் சொல்லும் உரிமையைத் தருகிறது. 1989இல் ஐக்கிய நாடுகள் ஏற்றுக்கொண்ட அச்சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றுறுதி செய்தது. பெற்றோரின் சம்மதம் வேறு, பிள்ளை தானே உடன்படும் இசைவு வேறு. இரண்டும் வேண்டும்.

மறுப்பைப் பழக்கிக் கொடுங்கள். ஒலிப்பதிவுக் கருவியைப் பிள்ளையின் கையில் கொடுத்து நிப்பாட்டும் பொத்தானைக் காட்டி, இரண்டு தடவை நிப்பாட்டி விளையாட விடுங்கள். சிவப்பு அட்டை ஒன்றைக் கொடுத்து, "இதைத் தூக்கினால் அடுத்த கதைக்குப் போவம்" என்று சொல்லுங்கள். அட்டையைச் சும்மா தூக்கி உங்களைச் சோதித்துப் பார்ப்பார்கள். அப்போது உண்மையாகவே நிறுத்துங்கள், அந்த இடத்தில்தான் நம்பிக்கை வருகிறது. வாயால் மறுக்காத பிள்ளை உடம்பால் மறுக்கும்: பதில் சுருங்கும், கண் யன்னலுக்குப் போகும், தண்ணி குடிக்கப் போகவேண்டும் என்று இரண்டாம் தடவை கேட்கும். அதுவும் மறுப்புத்தான், அனுப்பிவிடுங்கள்.

கொப்பி, பென்சில் கொடுப்பதென்றால் வகுப்பு முழுக்கக் கொடுங்கள், கதைக்க வந்த பிள்ளைகளுக்கு மட்டும் வேண்டாம். இல்லாவிட்டால் மறுநாள் பெற்றோர் வந்து "எங்கடை பிள்ளையின்ரை பேரையும் பதியுங்கோ" என்பார்கள். தொடக்கத்தில் சொன்ன இரண்டாவது வகை ஆளாக நீங்கள் மாறிவிட்டீர்கள் என்று பொருள்.

பிள்ளை அழுகிறது, அல்லது சொல்லக்கூடாத ஒன்றைச் சொல்கிறது

அழுதால் ஒலிப்பதிவை நிறுத்துங்கள். பக்கத்தில் இருங்கள். தண்ணி கொடுங்கள். "அழாதை, அழாதை" என்று அவசரப்படுத்தாதீர்கள். யாரைக் கூப்பிடவேண்டும் என்று பிள்ளையிடம் கேளுங்கள். அன்றைக்கு ஆய்வு முடிந்தது.

அடி, பாலியல் துன்புறுத்தல், வீட்டில் ஆபத்து என்று பிள்ளை சொன்னால் நீங்கள் அந்த நேரத்திலிருந்து ஆய்வாளர் இல்லை. விவரம் துருவாதீர்கள். எத்தனை தடவை, எப்படி என்றெல்லாம் கேட்பது உங்கள் வேலை இல்லை, பின்னர் நடக்கும் விசாரணையையும் அது கெடுக்கும். "ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "நீங்கள் சொன்னது நல்லது. உங்களைப் பாதுகாக்கக்கூடிய ஒரு ஆளுக்கு நான் இதைச் சொல்லவேணும்" என்று சொல்லி, யாருக்குச் சொல்லப் போகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே அன்றே எழுதி வையுங்கள்.

யாருக்கு அறிவிப்பது என்பது களத்துக்குப் போகமுன் கையில் இருக்கவேண்டும். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழைக்கலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார். முதல் வாரத்திலேயே அவரைப் போய்ச் சந்தித்து, இப்படி ஒரு ஆய்வு நடக்கிறது என்று சொல்லிவிட்டு வாருங்கள். பிள்ளை சொன்னது பாடசாலையிலுள்ள ஒருவரைப் பற்றியது என்றால் அதிபரிடம் முதலில் போகாதீர்கள். "சின்ன விசயம், நாங்கள் பாத்துக்கொள்ளுவம்" என்று அது அங்கேயே நின்றுவிடக்கூடும். இசைவு கேட்கும்போது, "நீங்கள் சொல்லுறதை வேறை ஆக்களுக்குச் சொல்லமாட்டன், ஆனால் உங்களுக்கு ஆபத்து எண்டால் சொல்லுவன்" என்ற வாக்கியத்தைத் தொடக்கத்திலேயே சேர்த்திருக்கவேண்டும். அது இல்லாத இசைவுப் படிவத்தோடு களத்துக்குப் போகக்கூடாது.

பகுப்பாய்வில் 'கல்வி, குடும்பம், விளையாட்டு' என்று மூன்று கருப்பொருள் வந்திருக்கிறது

அவை உங்கள் வினாக்கொத்தின் தலைப்புகள். நீங்கள் கேட்டது திரும்பி வந்திருக்கிறது. வேர்ஜீனியா பிறவுனும் விக்டோரியா கிளாக்கும் 2006இல் விவரித்த கருப்பொருள் பகுப்பாய்வைத்தான் (தரவுக்குள் ஓடும் பொதுவான கருத்துகளைத் தேடும் முறை) இங்கே அநேகர் பயன்படுத்துகிறார்கள். அதன் ஆறு படிகளையும் பட்டியலாக ஆய்வேட்டில் எழுதிவிட்டு, முதற் படியான திரும்பத் திரும்ப வாசித்தலை விட்டுவிடுவதுதான் வழக்கம். கருப்பொருள் என்றால் எதையாவது சொல்லவேண்டும். 'ரியூசன்' என்பது தலைப்பு. 'ரியூசனுக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள ஒழுங்கைதான் பிள்ளைக்குச் சொந்தமான நேரம்' என்பது கருப்பொருள். உங்கள் தரவு அதைச் சொல்கிறதா என்று வாதாடலாம், மறுக்கலாம்.

எழுத்தாக்கத்தில் பிள்ளையின் பேச்சை நல்ல தமிழாக்கியிருந்தால் அதற்கு முன்னமே பிழைத்துவிட்டது. "நான் போகேல்லை, விடேல்லை அவை" என்ற வாக்கியம் "நான் செல்ல அனுமதிக்கப்படவில்லை" என்று மாறினால் "அவை" காணாமல் போகிறது. விடாதவர்கள் யார் என்று கேட்கும் வாய்ப்பும் அதோடு போகிறது. ஒலிப்பதிவிலிருந்து திரும்ப எழுதுங்கள். நேரம் எடுக்கும், வேறு வழியில்லை.

புனைபெயர் போட்டும் ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது

"தீவகத்திலுள்ள சிறிய பாடசாலை ஒன்று, தரம் 5இல் நான்கு மாணவர், ஒருவரின் தந்தை கடலுக்குப் போய்த் திரும்பவில்லை." பெயர் எதற்கு? குறிகட்டுவான் இறங்குதுறையில் வள்ளம் ஏறுபவர்களில் பாதிப்பேர் பிள்ளையின் வீட்டையே காட்டுவார்கள். இங்கே எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வழியில் சொந்தம். வெளிநாட்டு வழிகாட்டி நூல்களில் சொல்லும் அளவுக்கு மறைப்பது இங்கே போதாது. தரம், பாடசாலையின் அளவு, தந்தையின் தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகியவற்றில் ஒன்றைச் சொன்னால் மற்றதை விடுங்கள். இரண்டு பிள்ளைகளின் விவரங்களைக் கலந்து ஒருவராக்குவதானால் அப்படிச் செய்ததை முறையியல் அத்தியாயத்தில் எழுதுங்கள். பிள்ளை கீறிய வழிப்படத்தைப் பின்னிணைப்பில் போடாதீர்கள், அதில் வீட்டுக்கு வழி இருக்கிறது. இடத்தைக் கல்வி வலயத்தோடு நிறுத்துங்கள். தேர்வாளர் பாடசாலையின் பெயரைக் கேட்டால், மறைப்பதாக நீங்கள் எழுதிக்கொடுத்த ஒழுக்கநெறி விண்ணப்பத்தைக் காட்டுங்கள்.